களைக்குத் தெளித்த நஞ்சும் உழைப்பாளிக்கு எட்டாத நீதியும்

(மலைநாட்டில் நடைபெற்ற தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



மேடைகளிலே நாம் சம்பளத்தைப் பற்றிப் பேசுகிறோம்; லயத்தைப் பற்றிப் பேசுகிறோம்; காணியைப் பற்றியும் மொழியைப் பற்றியும் பேசுகிறோம். அவை யாவும் பேச வேண்டியவையே. ஆயினும் அவற்றையெல்லாம் அனுபவிக்க வேண்டிய உடலைப் பற்றி நாம் பேசுவது மிகக் குறைவு. உடல் அழிந்த பின்னர் உயர்ந்த சம்பளம் யாருக்கு? மூச்சு அடங்கிய பின்னர் முகவரியோடு கூடிய வீடு யாருக்கு? ஆகவே இன்று ஒரே பொருளை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். களைநாசினி தெளித்து நோயுற்றவர் சட்டத்தின் துணையை எவ்வாறு நாடுவது? சட்டம் அவருக்கு எந்த அளவுக்குத் துணை நிற்கிறது? எங்கே கைவிடுகிறது? இவையே இன்றைய வினாக்கள்.

ஒரு காலத்திலே தேயிலை மலையின் புல்லைச் சுரண்டியும் கையும் அகற்றின. பின்னர் மருந்து வந்தது. பத்துப் பேர் செய்த வேலையை முதுகிலே டாங்கி சுமந்த இருவர் செய்து முடித்தனர். தோட்டத்துக்கு அது ஆதாயம். ஆனால் அந்த இருவரின் கணக்கை எழுதியவர் யார்? காற்று எதிரே அடிக்கும்போது முகத்திலே படியும் துளிகளுக்குக் கணக்கில்லை. மூடி இறுகாத டாங்கியிலிருந்து முதுகிலே வழியும் நீருக்குக் கணக்கில்லை. நனைந்த சட்டையை வீட்டிலே துவைக்கும் மனைவியின் கைகளுக்குக் கணக்கில்லை. மருந்தடித்த மலையிலே பின்னர் கொழுந்தெடுக்கச் செல்லும் பெண்களின் கால்களுக்கும் கணக்கில்லை.

இங்கே ஒன்றை எண்ணிப் பாருங்கள். நம் தேயிலை கடல் கடந்து செல்லும்போது அதிலே எந்த மருந்து எத்துணை எச்சமாக நிற்கலாம் என்பதற்கு வாங்கும் நாடுகள் அளவு வகுத்திருக்கின்றன. அளவு மீறினால் சரக்குத் திரும்பிவிடும். குடிப்பவனின் கோப்பைக்குக் காவலுண்டு. தெளிப்பவனின் குருதிக்குக் காவலுண்டா?

பெயர் தெரியாத பகைவன்

களைநாசினிகள் எல்லாம் ஒன்றல்ல. பராகுவாட் என்பது ஒன்று. கிரமக்சோன் என்ற பெயரால் நம் தோட்டங்களில் நெடுங்காலம் அறியப்பட்டது அதுவே. சில மிடறு உள்ளே சென்றாலே உயிரைப் பறிக்கும். அதற்கு மாற்று மருந்து இல்லை. தற்கொலைச் சாவுகள் பெருகியமையால் இலங்கையில் 2008 ஆம் ஆண்டு தொடங்கி 2011 ஆம் ஆண்டுக்குள் அது படிப்படியாக விலக்கப்பட்டது.

கிளைபோசேட் என்பது மற்றொன்று. 1974 ஆம் ஆண்டிலே மொன்சாண்டோ நிறுவனம் ரவுண்டப் என்ற பெயரில் அதனைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று உலகில் மிகுதியாகப் பயன்படும் களைநாசினி அதுவே. அதனைப் பற்றி அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை என்பதை நாம் மறைக்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2015 மார்ச்சில், அது மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என வகைப்படுத்தியது. அமெரிக்காவின் சுற்றாடற் பாதுகாப்பு நிறுவனமோ, உரிய முறையிற் பயன்படுத்தினால் அது புற்றுநோயை உண்டாக்கும் சாத்தியம் இல்லை என்று கூறிவந்துள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 ஆம் ஆண்டிலே அதற்கு மேலும் பத்தாண்டு அனுமதி அளித்தது.

நம் நாட்டிலே என்ன நிகழ்ந்தது? வடமத்திய மாகாண விவசாயிகளை வாட்டும் சிறுநீரக நோய்க்கு இம்மருந்தும் காரணமாகலாம் என்ற ஐயத்தின் பேரில் 2015 இல் இறக்குமதி தடுக்கப்பட்டது. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்தப்பட்டது. 2022 ஆகஸ்டில் இறக்குமதித் தடை நீக்கப்பட்டது. அந்தச் சிறுநீரக நோயின் காரணம் பற்றிய ஆராய்ச்சி முடிவுக்கு வரவில்லை. தடுப்பதும் விடுப்பதும் கொழும்பிலே நடந்தன. ஆனால் தடையின்போதும் சரி, தடை நீங்கிய பின்னும் சரி, டாங்கியைச் சுமந்த தொழிலாளியை அழைத்து, "உனக்கு என்ன நேர்ந்தது?" என்று கேட்க ஒரு விசாரணை நடந்ததா?

ஒரு பாடசாலைத் தொழிலாளியின் வழக்கு

சட்டம் ஏழைக்கு எட்டாத கனி என்று எண்ணி ஒதுங்குவோர் நம்மிடையே உளர். அவர்களுக்கு அமெரிக்காவிலே நிகழ்ந்த ஒன்றைக் கூறுகிறோம்.

கலிபோர்னியா மாநிலத்திலே பெனிசியா என்ற ஊரில் பாடசாலைகளின் மைதானங்களைப் பராமரித்த தொழிலாளி ஒருவர். ஆண்டுக்கு இருபது முப்பது தடவை களைநாசினி தெளிப்பது அவர் கடமை. ஒரு முறை குழாய் அறுந்து மருந்து அவர் உடலை நனைத்தது. 2014 ஆம் ஆண்டிலே அவருக்கு நிணநீர்ப் புற்றுநோய் என்று வைத்தியர்கள் கண்டனர். அவர் என்ன செய்தார்? மருந்து செய்த நிறுவனத்துக்கே தொலைபேசியிலே பேசினார். "இம்மருந்தினால் இந்நோய் வருமா?" என்று வினவினார். அவருக்கு மறுமொழி வரவில்லை. ஆனால் அந்த வினா வீணாகவில்லை. எச்சரிக்கை கேட்ட ஒருவருக்கு எச்சரிக்கை கிடைக்கவில்லை என்பதற்கு அதுவே நீதிமன்றத்திற் சாட்சியமாகி நின்றது.

2016 இல் அவர் வழக்குத் தொடுத்தார். உயிர் நீடிக்குமோ என்ற ஐயம் இருந்தமையால், அம்மாநிலச் சட்டத்தின்படி அவர் வழக்கு முன்னுரிமை பெற்றது. 2018 ஆகஸ்ட் 10 ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோ நகரில் ஜூரிமார் அவர் பக்கம் தீர்ப்பளித்து 28 கோடியே 90 இலட்சம் டொலர் வழங்கப் பணித்தனர். உலகமே திரும்பிப் பார்த்தது. பின்னர் நடந்ததைப் பலர் பார்க்கவில்லை. விசாரணை நீதிபதி அத்தொகையை 7 கோடியே 85 இலட்சமாகக் குறைத்தார். 2020 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் 2 கோடியே 5 இலட்சமாகக் குறைத்தது. ஆயினும் நிறுவனம் பொறுப்பாளி என்ற முடிவு நிலைத்து நின்றது.

அந்த ஒரு வழக்கு ஆயிரமாயிரம் வழக்குகளுக்கு வாயில் திறந்தது. 2018 இல் மொன்சாண்டோவை வாங்கிய பேயர் நிறுவனம், 2020 ஜூனில், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, 1,090 கோடி டொலர் வரையில் கொடுத்து வழக்குகளை முடித்துக்கொள்ள முன்வந்தது. இவ்வழக்குகளின் பயனாக நிறுவனத்தின் உட்கடிதங்கள் 2017 தொடக்கம் வெளிச்சத்துக்கு வந்தன. மருந்து பாதுகாப்பானது என்று காட்ட 2000 ஆம் ஆண்டிலே வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையின் ஆக்கத்திலே நிறுவனத்தாரின் கை இருந்தது என்ற ஐயம் அக்கடிதங்களால் எழுந்தது. கால் நூற்றாண்டு கழித்து, 2025 இல், அக்கட்டுரையை வெளியிட்ட ஆய்விதழே அதனை மீளப்பெற்றுக்கொண்டது. ஒரு தொழிலாளி கேட்ட கேள்வி எங்கே சென்று முட்டியது, பார்த்தீர்களா?

மறுபக்கத்தையும் சொல்லாது விடுவது நேர்மையன்று. 2021 க்குப் பின்னர் நடந்த விசாரணைகள் பலவற்றில் நிறுவனமே வென்றது. மத்திய அரசு ஏற்ற சுட்டியிலே எச்சரிக்கை இல்லாதபோது, மாநிலச் சட்டத்தைக் காட்டி எங்களைக் குற்றஞ் சாட்டலாமா என்று அது வாதிடுகிறது. இவ்வாதத்தை 2024 இல் ஒரு மேன்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது; அதே ஆண்டில் மற்றொன்று மறுத்தது. வழக்கு என்பது இருபுறமும் கூருள்ள வாள் என்பதை மறவாதிருப்போமாக.

வெற்றி வேறு, நிவாரணம் வேறு

பிரான்ஸ் நாட்டிலே ஒரு தானிய விவசாயி. 2004 ஏப்ரிலில் தெளிகருவியின் தாங்கியைத் திறந்து பார்த்தார். லாசோ என்ற களைநாசினியின் ஆவி அவர் மூச்சிலே ஏறியது. அதன் பின் அவர் உடல்நலம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. 2007 இல் வழக்குத் தொடுத்தார். 2012 இல் லியோன் நீதிமன்றம் நிறுவனம் பொறுப்பு என்றது. நிறுவனம் மேன்முறையீடு செய்தது, மீண்டும் தோற்றது. இறுதித் தீர்ப்பு 2020 அக்டோபரிலே வந்தது. விபத்திலிருந்து எண்ணினால் பதினாறு ஆண்டுகள்! அதற்குப் பின்னர் 2022 இறுதியில் நட்டஈடு தீர்மானிக்கப்பட்டது. பத்து இலட்சம் யூரோவுக்கு மேல் கேட்டவருக்குக் கிடைத்தது ஏறக்குறைய 11,000 யூரோ.

இதனை உங்களை அச்சுறுத்துவதற்காகக் கூறவில்லை. தனி மனிதன் தனி நிறுவனத்தோடு மோதும் பாதை எவ்வளவு நீண்டது என்பதை உணர்த்தவே கூறுகிறோம். அந்த மனிதரும் அவரைப் போன்றோரும் தனித்து நின்றுவிடவில்லை. நோயுற்ற விவசாயிகளைத் திரட்டினர். அரசாங்கத்தின் கதவைத் தட்டினர். அதன் பயன் என்ன? 2012 இல் பார்க்கின்சன் நோயையும், 2015 இல் நிணநீர்ப் புற்றுநோயையும், பூச்சிமருந்தோடும் களைமருந்தோடும் வேலை செய்வோருக்குரிய தொழில்சார் நோய்கள் என்று பிரான்ஸ் அங்கீகரித்தது. 2020 இல் அத்தகையோருக்கு நட்டஈடு வழங்க ஒரு தனி நிதியமும் அமைந்தது. வகுத்த காலம் அத்தகைய வேலை செய்து வகுத்த நோய் கண்டவர், இன்ன துளியால் இன்ன உயிரணு கெட்டது என்று நிறுவத் தேவையில்லை. சுமை தொழிலாளியின் தோளிலிருந்து இறங்கியது.

இதுவே இன்று நாம் சொல்ல வந்த கருத்தின் உயிர். நோய் இருக்கிறது என்பதற்கு வைத்தியர் சாட்சி. மருந்து தெளித்தோம் என்பதற்குத் தோட்டத்தின் பதிவு சாட்சி. இந்த இரண்டுக்கும் இடையே ஒரு பாலம் வேண்டும். இதனால் அது வந்தது என்று காட்டும் பாலம்! அந்தப் பாலத்தைக் கட்டும் பாரத்தைச் சட்டம் யார் தலையிலே வைக்கிறது என்பதைப் பொறுத்தே ஏழையின் நீதி இருக்கிறது.

வியட்நாம் யுத்தத்தை நினைத்துப் பாருங்கள். 1962 முதல் 1971 வரை அமெரிக்கப் படை அந்நாட்டுக் காடுகள் மீதும் வயல்கள் மீதும் தெளித்த ஏஜன்ட் ஒரேஞ்ச் என்பதும் களைநாசினியே. நோயுற்ற அமெரிக்கப் போர்வீரர்கள் ஒன்று சேர்ந்து வழக்காடினர். 1984 இல் நிறுவனங்கள் 18 கோடி டொலர் கொடுத்து இணங்கின. 1991 இல் அமெரிக்கப் பாராளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. அங்கே பணியாற்றிய வீரருக்குக் குறித்த நோய்கள் வந்தால், அது அந்நஞ்சினால் வந்ததென்றே கொள்ளப்படும் என்ற நிலை உண்டாயிற்று. நன்று! ஆனால் அதே நஞ்சு எவர் மண்ணிலே கொட்டப்பட்டதோ அந்த வியட்நாம் மக்கள் 2004 இல் அமெரிக்க நீதிமன்றத்தை நாடியபோது, 2005 இல் வழக்குத் தள்ளப்பட்டது. 2009 இல் உச்ச நீதிமன்றமும் கேட்க மறுத்தது. நஞ்சு ஒன்றே, நோயும் ஒன்றே. ஒருவருக்குப் பின்னே வாக்கும் அமைப்பும் இருந்தன. மற்றவருக்கு அந்நாட்டிலே அவை இல்லை. சட்டம் வானத்திலிருந்து விழுவதன்று, தோழர்களே! கேட்பவரின் குரலுக்கு ஏற்பவே அது எழுதப்படுகிறது.

நம் நாட்டிலே உள்ள வாயில்கள்

இனி நம் வீட்டுக்கு வருவோம். இலங்கைத் தொழிலாளிக்கு இரண்டு வாயில்கள் உண்டு.

முதலாவது, 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். வேலையின்போது, வேலையின் காரணமாக நேர்ந்த விபத்துக்குத் தொழில் கொடுப்போர் நட்டஈடு தரவேண்டும். முதலாளி தவறு செய்தார் என்று நிறுவத் தேவையில்லை என்பதே இச்சட்டத்தின் சிறப்பு. மருந்து உடலிலே கொட்டியோ, ஆவியை முகர்ந்தோ ஒருவர் மலையிலேயே மயங்கி விழுந்தால், அது விபத்தே என வாதிட இடமுண்டு. ஆண்டுக்கணக்கிலே மெல்ல மெல்ல ஊறி வரும் நோய் வேறு. அச்சட்டத்தின் அட்டவணையிலே கூறப்பட்ட தொழில்சார் நோயாயின் வழி எளிது. அட்டவணையில் இல்லாத நோயாயின், முன்னே சொன்ன பாலத்தைத் தொழிலாளியே கட்டவேண்டும்.

இரண்டாவது, மாவட்ட நீதிமன்றத்திலே தீங்குக்கு நட்டஈடு கோரும் வழக்கு. இங்கே எதிராளியின் கவனயீனத்தையும், அதனால் நோய் வந்ததென்பதையும் நிறுவவேண்டும். பாதுகாப்பு உடை கொடுத்தாரா? முகமூடி கொடுத்தாரா? மருந்தின் தன்மையைத் தொழிலாளி அறிந்த மொழியிலே சொன்னாரா? காற்று வீசும் நேரத்திலே தெளிக்கப் பணித்தாரா? இவையே அங்கு எழும் வினாக்கள்.

இந்த இரண்டாம் வாயிலிலே ஒரு காவலன் நிற்கிறான். அவன் பெயர் காலம். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், இத்தகைய வழக்கை வழக்குரிமை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும் என்கிறது. கால் முறிந்தவனுக்கு அந்த நாள் எதுவென்று தெரியும். பத்தாண்டு மருந்தடித்துப் பின்னர் புற்றுநோய் கண்டவனுக்கு அந்த நாள் எது? தெளித்த நாளா? உடலுக்குள்ளே நோய் முளைத்த நாளா? வைத்தியர் சொன்ன நாளா?

இங்கிலாந்திலே இக்கேள்வி எழுந்தது. உருக்கு வார்ப்புகளைச் செப்பனிட்ட தொழிலாளர் சிலருக்குத் தூசியினால் நுரையீரல் கெட்டது. நோய் வந்திருப்பதை அவர்கள் அறியுமுன்னரே வழக்குக்குரிய காலம் கடந்துவிட்டது. 1963 இல் அந்நாட்டுப் பிரபுக்கள் சபை, அநீதி என்று தெரிந்தும், சட்டம் அவ்வாறு இருக்கிறது என்று கூறி அவர்களைக் கைவிட்டது. அந்த அநீதியைக் கண்டு பாராளுமன்றம் அதே ஆண்டிலே சட்டத்தைத் திருத்தியது. நோயாளி தன் நோயை அறிந்த நாளைக் கணக்கில் எடுக்கும் முறை அங்கே பிறந்தது. நமக்குச் சட்டம் தந்து சென்றவன் தன் நாட்டிலே சட்டத்தைத் திருத்திக்கொண்டான். நாமோ 1871 ஐப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்! ஆகவே நோய் தெரிந்த அன்றே சட்டத்தரணியிடம் செல்லுங்கள். காலக் கணக்கை அவர் வாதிடட்டும். நீங்கள் காலத்தை வீணாக்காதீர்கள்.

"சட்டத்தரணிக்குப் பணம் எங்கே?" என்று கேட்பீர்கள். 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு, வருமானம் குறைந்தோருக்கு ஆலோசனையும் வழக்காடும் உதவியும் வழங்குவதற்காகவே இருக்கிறது. நாடெங்கும் அதற்குக் கிளை அலுவலகங்கள் உண்டு. அங்கே செல்வது பிச்சை கேட்பதன்று, உரிமையைக் கேட்பது.

இன்றே தொடங்க வேண்டியவை

ஆயினும் சட்டத்தரணி என்ன செய்வார்? நீங்கள் கொடுக்கும் நூலைக் கொண்டுதான் அவர் நெய்ய முடியும். நூல் எதுவென்று கூறுகிறோம், மனத்திலே பதித்துக்கொள்ளுங்கள்.

முதலிலே, மருந்தின் பெயர். கலப்பவர் ஒருவர், தெளிப்பவர் மற்றொருவர் என்றிருக்கும் இடங்களிலே, தெளிப்பவர் போத்தலைக் காண்பதே இல்லை. கேளுங்கள், பாருங்கள். சுட்டியிலே உள்ள பெயரையும் பதிவு இலக்கத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசியிலே படம் பிடித்துக்கொள்ளுங்கள். "புல்லு மருந்து" என்று மட்டும் சொன்னால் நீதிமன்றம் எதனைப் பிடித்துக்கொள்ளும்?

இரண்டாவது, நாட்குறிப்பு. எந்த நாள், எந்த மலை, எத்தனை டாங்கி, உடன் நின்றவர் யார், என்ன உடை கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்பவற்றை ஒரு பாடசாலைக் கொப்பியிலே எழுதிவையுங்கள். எழுதத் தெரியாதவருக்கு வீட்டிலே படிக்கும் பிள்ளை எழுதட்டும். செக்ரோல் தோட்டத்தின் கையிலே இருக்கிறது. கொப்பி உங்கள் கையிலே இருக்கட்டும். சம்பளத் துண்டுகளையும் சேர்த்து வையுங்கள்.

மூன்றாவது, வைத்தியரிடம் வாய் திறத்தல். காய்ச்சல், இருமல், சொறி என்று மட்டும் சொல்லித் திரும்பிவிடாதீர்கள். "நாம் இன்ன மருந்தை இத்தனை ஆண்டு தெளிக்கிறோம்" என்று சொல்லி, அதனை எழுதிக்கொள்ளுமாறு பணிவோடும் உறுதியோடும் கேளுங்கள். கிளினிக் கொப்பி, நோய் நிர்ணய அட்டை, இரத்தப் பரிசோதனை அறிக்கை ஆகிய ஒன்றையும் எறியாதீர்கள். லயத்துக் கூரை ஒழுகும். ஆகவே பொலித்தீன் உறையிலே சுற்றிவையுங்கள். தோட்டத்து மருந்தகத்தோடு நின்றுவிடாது அரசாங்க வைத்தியசாலைக்கும் செல்லுங்கள்.

நான்காவது, எழுத்திலே முறையிடல். முகமூடி இல்லை, கையுறை கிழிந்துவிட்டது, டாங்கி ஒழுகுகிறது என்று வாயாற் சொன்னது காற்றோடு போகும். சங்கத்தின் மூலம் கடிதமாகக் கொடுத்து ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். பெனிசியாத் தொழிலாளியின் தொலைபேசி அழைப்பை நினைவிற் கொள்ளுங்கள். பதில் வராத கேள்வியும் ஒரு நாள் சாட்சி சொல்லும்.

ஐந்தாவது, தகவல் அறியும் உரிமை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், அரச அலுவலகங்களிடமிருந்து தகவல் பெறும் உரிமையை நமக்குத் தந்திருக்கிறது. 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் பீடைகொல்லிப் பதிவாளரின் அலுவலகம் பேராதனையிலே இருக்கிறது. எந்த மருந்து எந்தப் பயிருக்குப் பதியப்பட்டது, என்ன நிபந்தனைகள் விதிக்கப்பட்டன என்று தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். நம் மொழிக்கு உரிமை கேட்டோம். கிடைத்த உரிமையைப் பயன்படுத்தாது விடலாமா?

ஒன்றை எச்சரிக்கையாகவும் கூறவேண்டியிருக்கிறது. "கோடி டொலர் வாங்கித் தருகிறோம், முன்பணம் தாருங்கள்" என்று வருவோரை நம்பாதீர்கள். வெற்றுத் தாளிலே கையொப்பமோ கைநாட்டோ இடாதீர்கள். வரும் நோய் எல்லாம் மருந்தினால் வந்தது என்று கிளம்புவதும் தவறு. பொய்யான ஒரு முறைப்பாடு மெய்யான பத்து முறைப்பாடுகளைக் கொன்றுவிடும். உண்மையை மட்டும், முழுமையாக, எழுத்திலே, காலத்தோடு கூறுவதே நமது ஆயுதம்.

நாம் கேட்பவை

தனி மனிதர் கொப்பி எழுதுவதோடு கடமை தீர்ந்துவிடுமா? தீராது. தொழிற்சாலைக் கட்டளைச் சட்டம் 1942 தொடக்கம் இருக்கிறது. தேயிலைத் தொழிற்சாலையின் இயந்திரத்துக்கு வேலி போடச் சொல்லும் அச்சட்டம், தொழிற்சாலையின் வாயிலைத் தாண்டி மலைக்கு ஏறுவதில்லை. உலகத் தொழில் நிறுவனம் 2022 ஜூனில், பாதுகாப்பும் சுகாதாரமும் உள்ள வேலைச்சூழலைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக்கியது. மலையிலே நிற்பவனும் தொழிலாளியே அன்றோ?

மலேசியாவைப் பாருங்கள். அங்கே செம்பனைத் தோட்டங்களிலே பராகுவாட் தெளித்தவர்களில் நம் இனத்துப் பெண்கள் பலர். கண்ணெரிச்சலையும் நகங்கள் அழுகுவதையும் மூக்கிலிருந்து குருதி வடிவதையும் அவர்கள் வெளியே சொன்னார்கள். அமைப்புகள் அவற்றை எழுத்தாக்கின. 2002 இல் அரசாங்கம் தடை அறிவித்தது. முதலாளிமார் வற்புறுத்த 2006 இல் தளர்த்தியது. போராட்டம் ஓயவில்லை. 2020 ஜனவரி முதல் நாள் முழுத் தடை நடைமுறைக்கு வந்தது. பதினெட்டு ஆண்டுகள் தளராது நின்றமையாற் பெற்ற பலன் அது.

ஆகவே நாம் அரசாங்கத்தைக் கேட்பவை நான்கு. தெளிப்போருக்கு ஆண்டுதோறும் இலவச வைத்தியப் பரிசோதனை நடத்தி, அதன் பிரதியைத் தொழிலாளியிடம் கொடுக்கவேண்டும். களைநாசினியோடு தொடர்புற்றவை என மருத்துவ உலகம் காணும் நோய்களைத் தொழில்சார் நோய்களின் அட்டவணையிலே சேர்க்கவேண்டும். வழக்குக் காலத்தை நோய் அறிந்த நாளிலிருந்து கணக்கிடுமாறு சட்டத்தைத் திருத்தவேண்டும். தோட்டங்கள் மருந்தின் பெயர், அளவு, தெளித்த நாள், தெளித்தவர் பெயர் ஆகியவற்றைப் பதிந்து, அப்பதிவைத் தொழிலாளர் பார்வைக்கு வைக்கவேண்டும். இவற்றிலே பேராசை உண்டா? பிறர் சொத்தை அபகரிக்கும் எண்ணம் உண்டா? உழைப்பவன் தன் உடலின் கணக்கைக் கேட்கிறான், அவ்வளவே.

தோழர்களே! இந்த மலைகள் காடாக இருந்தபோது நம் முன்னோர் வந்தனர். அட்டைக்கும் குளிருக்கும் காய்ச்சலுக்கும் இரையாகி மாண்டனர். எத்தனை பேர் என்று எழுதிவைக்க அவர்களுக்கு வழியில்லை. அவர்களின் சாவுக்குச் சாட்சியில்லை. ஆகவே நட்டஈடும் இல்லை, நன்றியும் இல்லை. அவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு எழுத்து உண்டு; வாக்குரிமை உண்டு; சங்கம் உண்டு. சாட்சியின்றிச் சாகும் தலைமுறையாக நாம் இருத்தல் ஆகாது.

நாளைக் காலை பிரட்டுக்குச் செல்லுமுன், தெளிக்கப் போகும் மருந்தின் பெயரைக் கேளுங்கள். மாலையிலே வீடு திரும்பியதும் அதனைக் கொப்பியிலே எழுதுங்கள். வாயில் காக்கும் சட்டம் தானாகத் திறக்காது. ஒருவர் தட்டினால் ஓசை. ஓராயிரம் பேர் தட்டினால் கதவு திறக்கும். தட்டுவோம்; திறக்கும் வரை தட்டுவோம்.